மூன்றாம் மாடி வீட்டின் ஒன்பது படங்கள்

மழை வருமா என்று பார்க்கத்தான் கணினியைத் திறந்தேன். வானிலைப் பக்கத்தின் வலது ஓரத்தில் எங்கள் பழைய வீடு இருந்தது.

படம் தீப்பெட்டி அளவுதான். ஆனாலும் தெரிந்துவிட்டது. மூன்றாம் மாடிப் பால்கனியில் ஒரு கம்பி மட்டும் வளைந்திருக்கும். மகள் சின்ன வயதில் அதற்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டாள். கீழே கடை வைத்திருந்த பூட்டுக்காரர் மூச்சிரைக்க மேலே வந்து அதை வளைத்துத்தான் அவளை வெளியே எடுத்தார். பிறகு அதை நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்த வேண்டும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வளைவுக்குக் கீழே ‘வாடகைக்கு’ என்று எழுதியிருந்தது.

தற்செயலாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மழையை மறந்துவிட்டு அதை அழுத்தினேன்.

மொத்தம் ஒன்பது படங்கள். தெருவிலிருந்து எடுத்த முகப்பு, படிக்கட்டு, கூடம், படுக்கையறை, மகளின் சின்ன அறை, சமையலறை, சமையலறையின் ஜன்னல், குளியலறை, கடைசியாகப் பால்கனி. எல்லா அறைகளும் காலியாக இருந்தன. எங்களிடமிருந்து வாங்கியவர் வெள்ளை அடித்திருந்தார். அப்படியும் கூடத்துச் சுவரில் எங்கள் புத்தக அலமாரி நின்ற இடம், மற்ற இடத்தைவிட ஒரு சாயல் வெளுப்பாக, அலமாரியின் உயரத்துக்கே தெரிந்தது. ஒன்பதாவது படத்தில் வெகுநேரம் நின்றேன். பால்கனியின் இடது மூலையில்தான் என் நாற்காலி கிடக்கும். அங்கே உட்கார்ந்துதான் நான் இந்த ஆயுளில் படித்ததில் முக்கால்வாசியைப் படித்தேன்.

வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி நடைப்பயிற்சி முடித்து வந்துவிட்டாள். அவசரமாகப் பக்கத்தை மூடினேன். மாப்பிள்ளை எப்போதோ சொல்லிக் கொடுத்தபடி பார்த்த பக்கங்களின் வரலாற்றை அழித்தேன், குக்கீகளை அழித்தேன்.

“மழை வருமாமா?” என்று கேட்டாள், செருப்பைக் கழற்றியபடியே.

“தெரியல,” என்றேன்.

“அதப் பாக்கத்தானே உக்காந்தீங்க?”

அந்த வீட்டை நாங்கள் விட்டது என் முழங்கால்களுக்காக. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. வலது முழங்கால் முதலில் முரண்டு பிடித்தது. பிறகு இடதும் அதோடு சேர்ந்துகொண்டது. படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன மறுவாரமே மகள் தன் வீட்டுக்கு இரண்டு கட்டிடம் தள்ளித் தரைத்தளத்தில் இந்த வீட்டைப் பார்த்து முடித்துவிட்டாள். மனைவி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமானெல்லாம் ஏறிய பிறகு காலி வீட்டைத் தனியாகத் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்: “முடிஞ்சுது. இனிமே அந்த வீட்டப் பத்திப் பேச வேண்டாம்.”

இரண்டு வருஷமாகியும் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவளுக்கு அந்த வீடு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எனக்காக அதை விட்டுவிட்டு வந்தவள். வந்த இடத்தில் நான் உட்கார்ந்து அதையே நினைத்து ஏங்குகிறேன் என்று தெரிந்தால், ‘இதுக்காகவா கிளம்பி வந்தோம்’ என்று அவள் ஒரு தடவை கேட்டால் போதும். என்னிடம் பதில் கிடையாது. அவள் கேட்கவும் மாட்டாள், மனதில் வைத்துக்கொள்வாள். அது இன்னும் மோசம்.

ஆகவே தெரியக்கூடாது என்று முடிவு செய்தேன். பார்க்கக்கூடாது என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

மாலையில் அவள் பக்கத்து வீட்டு பேங்க் அக்காவோடு நடக்கப் போவாள். அந்த அக்கா ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் பேங்க் அக்காதான். இரண்டு பேரும் முனை திரும்பியதும் நான் கணினி முன்னால் உட்காருவேன். முகப்பில் தொடங்கிப் படியேறி உள்ளே போவேன். முழங்கால் வலிக்காமல் அந்தப் படியில் ஏறியது அப்போதுதான். சமையலறைப் படங்களை வேகமாகத் தாண்டிவிடுவேன், அது அவளுடைய இடம். குளியலறையில் நிற்க எதுவும் இல்லை. பால்கனிக்கு வந்துதான் மூச்சு விடுவேன். கதவுச் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஆனால் வீடு போகவில்லை. செய்தி படிக்கப் போனால் செய்திக்கு நடுவே வந்தது. பஸ் நேரம் பார்க்கப் போனால் அங்கேயும் வந்தது. நான் அழிக்க அழிக்க அது பழைய கடன்காரனைப் போல அடுத்த முனையில் வந்து நின்றது.

மனைவிக்குச் சாப்பாடு முடிந்ததும் அதே கணினியில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டாக வேண்டும். ஒருநாள் நான் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புதிர்ப் பக்கத்தின் ஓரத்தில் வளைந்த கம்பியோடு பால்கனி தோன்றியது. அவள் கை மவுஸின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு பக்கத்தை மேலே தள்ளினாள், படம் மறைந்தது.

“எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு,” என்றாள். “கண்ணு சரியில்ல.”

“டாக்டர்கிட்டப் போலாமா?”

“பாக்கலாம்.”

அவள் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுடைய கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் நுண்ணோக்கியில் ரத்தத்துளி பார்த்த கண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைப் பிடித்தேன். காலணி விற்கும் ஓர் இணையக் கடையில் அவருக்கு விளம்பரப் பிரிவில் வேலை. அவர்கள் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு விஷயம் கேட்டார்,” என்று ஆரம்பித்தேன்.

“ஒருத்தரா? நல்லா இருக்காரா மாமா அவரு?”

“நல்லாத்தான் இருக்கார். ஒரு பொருளப் பாத்தாராம். பாத்துட்டு ஹிஸ்டரி, குக்கீ எல்லாத்தையும் அழிச்சிடறாராம். அப்படியும் போற இடமெல்லாம் அதே விளம்பரம் வருதாம்.”

மாப்பிள்ளை எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்த ஒருத்தருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு. அதுக்கென்ன?”

“சும்மாதான் கேட்டேன்.” சிரிப்பை அடக்குவது போல இருந்தது. “குக்கீ அழிச்சாப் போறதெல்லாம் ஒரு காலம் மாமா. அப்போ கடைக்காரன் உங்க முதுகுல சீட்டு ஒட்டி அனுப்புவான். கிழிச்சுப் போட்டா, மறுபடி போறப்போ நீங்க யாருன்னே தெரியாது. இப்போ சில பேருக்குச் சீட்டே வேண்டாம். உங்க நடையப் பாத்தே, ‘வாங்க சார், நேத்து வந்தீங்களே’ன்னுவான்.”

“கம்ப்யூட்டருக்கு ஏது நடை?”

“இருக்கே. திரை என்ன அளவு, படத்த எப்படி வரையுது, எந்த மொழி, என்னென்ன எழுத்து ஃபான்ட் போட்டு வச்சிருக்கீங்க. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி இருக்கும்.” சட்டென்று நிறுத்தினார். “மாமா, உங்க கம்ப்யூட்டர்ல… சரி, அந்த ஒருத்தர் கம்ப்யூட்டர்ல ஃபான்ட் எத்தன இருக்கும்?”

நான் மருந்துப் பெட்டிகளுக்கும் புட்டிகளுக்கும் லேபிள் வடிவமைத்தவன். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எழுத்து உண்டு. ஆறும் எட்டும் ஒன்றுபோலத் தெரிந்து யாரும் மாத்திரையைக் கூடுதலாக விழுங்கிவிடக் கூடாதென்று நானே வரைந்த எண்களும் உண்டு. வேலையை விட்டபோது வீட்டுக்கு எடுத்துவந்தது அவற்றை மட்டும்தான். கணினி மாறும்போதெல்லாம் அவையும் கூடவே குடிமாறி வந்தன.

“ஆயிரத்துக்கு மேல இருக்கும்,” என்றேன்.

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார், கையில் எண்ணெய் இருந்ததையும் மறந்து. “எல்லாரும் வெள்ளச் சட்ட போட்டுட்டு நிக்கிற கூட்டத்துல, இடுப்புல மயில் தோகை கட்டிட்டு நிக்கிறீங்க. நின்னுட்டு, ‘என்னை எப்படிக் கண்டுபிடிச்சாங்க’ன்னு கேக்கறீங்க.”

“நான் இல்ல, அவர்.”

“அவர்தான், அவர்தான். நீங்க எதை அழிச்சாலும் அந்தக் கம்ப்யூட்டர் மாதிரி இன்னொண்ணு கிடையாது. அதனால உடனே தெரிஞ்சுடும்.”

“அதையே வேற யாராவது தொட்டா?”

“யார் தொட்டா என்ன? விரல் யாருதுன்னு அதுக்குத் தெரியாது. ஒரு கம்ப்யூட்டர்னா ஒரே ஆள். பாதி ஃபான்ட்டத் தூக்கிட்டா நடை மாறிடும், மறந்துடும். வேணும்னா தூக்கித் தரேன்.”

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. “யாருக்கு என்ன தூக்கித் தரீங்க?”

“உங்கப்பாவோட ஃப்ரெண்டு ஒருத்தருக்கு.”

“அப்பாவுக்கு ஏது ஃப்ரெண்டு?”

மறுநாள் மாலை கணினியில் எழுத்துருக்கள் இருந்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே போயின. இருமல் மருந்துக்குப் போட்ட தடித்த எழுத்து. குழந்தைகள் சொட்டு மருந்துக்காக முனையெல்லாம் மழுக்கிய எழுத்து. பாதியைத் தூக்கினால் போதும். எந்தப் பாதி என்பதுதான் கேள்வி. சரி, அதற்கு முன்னால் வீட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. முந்தின நாளே எல்லாவற்றையும் சுத்தமாக அழித்திருந்தேன். தளத்தைத் திறந்தேன்.

‘மீண்டும் வருக. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்’ என்றது.

தினமும் முகப்புக்குப் போகும் அவசரத்தில் அந்த வரியை நான் அழுத்தியதே இல்லை. இப்போது தொடர்ந்தேன். ஏழாவது படம் திறந்தது. சமையலறை ஜன்னல்.

நான் ஏழாவது படத்தில் விட்டிருக்க முடியாது. என்றைக்கும் ஒன்பதாவதில்தான் விடுவேன். முதலில் இயந்திரத்தின் கோளாறு என்று நினைத்தேன். பிறகு மாப்பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு கம்ப்யூட்டர்னா ஒரே ஆள். அன்று காலை நான் முழங்காலுக்குப் பயிற்சி எடுக்கப் போயிருந்தேன். வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். அப்படியே பின்னால் போய் யோசித்தேன். மழை வருமா என்று பார்த்த அந்த முதல் நாளில் நான் அந்த வீட்டைத் தேடியிருக்கவே இல்லை. அதற்கு முன்பே யாரோ தேடியதனால்தான் அது என்னிடம் வந்திருக்கிறது.

எழுத்துருப் பெட்டியை மூடினேன். விளக்குப் போடத் தோன்றவில்லை.

அந்த ஜன்னலுக்கு வெளியே காட்சி என்று ஒன்றும் கிடையாது. பக்கத்துக் கட்டிடத்தின் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நாலு மணிக்கு மட்டும் ஒரு முழ அகல வெயில் அந்தச் சுவரில் இறங்கி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும். வேலை முடிந்து வந்ததும் அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அந்த வெயிலைப் பார்த்தபடி டீ குடிப்பாள். கையில் ஸ்பிரிட் வாடை போயிருக்காது. நாளெல்லாம் அடுத்தவர்களின் ரத்தத்தில் என்ன நோய் என்று பார்த்துவிட்டு வருகிறவள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேசக்கூடாது. யாரும் போடாத சட்டம், மகள்கூட மீறியதில்லை. சீக்கிரம் வீடு திரும்பும் நாட்களில் நான் பால்கனியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். கூடத்தின் வழியாகப் பார்த்தால் அவள் முதுகு தெரியும். அவள் திரும்பினால் என் முழங்கால் தெரியும் என்று ஒருதடவை சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் வீட்டின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருப்போம். அதைவிட நெருக்கமாக நான் யாரோடும் இருந்ததில்லை.

அன்று நான் பால்கனிக்குப் போகவில்லை. மூன்றாவது படத்தில், அலமாரியின் வெளுத்த தடத்தில் விட்டுவிட்டு எழுந்தேன். எதையும் அழிக்கவில்லை. அழித்தாலும் அது மறக்கப் போவதில்லை.

அடுத்த மாலை ஐந்தாவது படம் திறந்தது, மகளின் அறை. அதற்கடுத்த நாள் நான் முகப்பில் விட்டேன். மறுநாள் படிக்கட்டில் திறந்தது. முன்பு அவள் காய்கறிப் பையோடு எனக்கு முன்னால் ஏறிப்போய், திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்ப்பாள். அந்தத் திருப்பம்தான் படத்தில் இருந்தது. அவள் அறிந்துதான் செய்கிறாளா, சும்மா அங்கே நிறுத்திவிட்டுப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் எதுவும் மாறவில்லை. சாப்பிடும்போது, “முட்டி எப்படி இருக்கு?” என்பாள். “பரவாயில்ல,” என்பேன். குழம்பில் உப்பைப் பற்றி ஒரு பேச்சு வரும், பேங்க் அக்காவின் மருமகளைப் பற்றி ஒரு பேச்சு வரும். அவ்வளவுதான்.

தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே சமையலறை ஜன்னலில் விட்டேன். அவள் பார்க்கட்டும், நான் அங்கே போயிருந்தேன் என்று தெரியட்டும். மறுநாள் மாலைவரை புத்தகத்தில் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. அவள் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து திறந்தேன்.

பால்கனி. என் மூலை தெரியும் ஒன்பதாவது படம். என் இடத்தில் விட்டுப் போயிருந்தாள்.

அதன் பிறகு கொஞ்ச நாட்கள் அப்படியே போயின. நான் அவளுடைய ஜன்னலில் விடுவேன், அவள் என்னுடைய பால்கனியில் விடுவாள். அந்த வீட்டில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு தவறாமல் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில்லை.

ஒரு மாலை தொடரச் சொல்லும் வரி வரவில்லை. ‘இந்த வீடு வாடகைக்குப் போய்விட்டது’ என்று மட்டும் இருந்தது. ஒன்பது படங்களில் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். கீழே ‘இதே போன்ற வீடுகள்’ என்று ஒரு வரிசை வந்தது. எதுவும் அதைப் போல இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. வெளிக்கதவு திறந்தது. செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. பழக்கத்தில் கை மவுஸைத் தேடிப் போனது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எதையும் மூடவில்லை.

அவள் வந்து பின்னால் நின்றாள். திரையைப் படித்திருப்பாள். நான் திரும்பவில்லை. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.

“போயிடுச்சா?” என்றாள்.

“போயிடுச்சு. காலைல இருந்ததா?”

“இருந்தது. உங்க பால்கனிலதான் விட்டேன்.”

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள். “எனக்காக வந்தவ நீ,” என்றேன். “நானே உக்காந்து அதப் பாத்துட்டு இருந்தா நீ என்ன நெனப்பேன்னுதான்…”

“நான் பாக்கறது தெரிஞ்சா, தன் முட்டியாலதான் இப்படி ஆச்சுன்னு நீங்க மூலைல போயி உக்காந்துடுவீங்க. அந்த மூஞ்சிய யாரு பாக்கறது?” ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். “மாப்பிள்ளகிட்டக்கூட எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி கேட்டாள்னுதான் சொன்னேன்.”

“எப்போ?”

“நீங்க கேட்டதுக்கு முந்தின வாரம். ‘அந்த ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிடுச்சா அத்தை’ன்னு கேட்டாரு. எதுக்குக் கேக்கறாருன்னு அப்போ புரியல. நீங்களும் போயிட்டு வந்தப்புறம் அவரே சிரிச்சுட்டே சொன்னாரு, ‘ஒருத்தியும் ஒருத்தரும் ஒரே வீட்டுல இருக்காங்க போல’ன்னு.”

ஆக, அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, திரையில் வெறுமையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எட்டாவது படத்துல பச்சை டைல்ஸ் பாத்தீங்களா?” என்றாள். “வெள்ளை தீந்துபோச்சுன்னு டைல்ஸ்காரன் ஒண்ணே ஒண்ணு பச்சையா ஒட்டிட்டுப் போனானே. இன்னும் இருக்கு.”

“நான் எட்டாவது பாக்கறதே இல்ல. குளியலறையப் போயி யாரு பாப்பாங்க?”

“நான் பாத்தேன்.”

இனிமேல் அதைப் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் மவுஸைத் தன் பக்கம் இழுத்து, ‘இதே போன்ற வீடுகள்’ வரிசையில் முதலாவதை அழுத்தினாள். பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே கடல்.

“இது எந்த விதத்துல அதே போல?” என்றாள்.

“மூணாவது மாடியாம்.”

“கடல வச்சுட்டு என்ன பண்றது? எப்பப் பாத்தாலும் அசைஞ்சுட்டே இருக்கும். அடுத்தது போலாம்.”

அடுத்ததில் லிஃப்ட் இருந்தது. பால்கனி இல்லை. அதற்கடுத்ததில் பால்கனி இருந்தது, நாற்காலி போட்டால் கால் தெருவில் இருக்கும். ஒரு வீட்டின் கூடத்துச் சுவரில் அலமாரி வைக்க இடமே இல்லை, எல்லாம் கதவுகள். ஒவ்வொன்றிலும் அவள் முதலில் சமையலறைக்குத்தான் போனாள், நான் முதலில் பால்கனிக்குத்தான் போகச் சொன்னேன். அதற்கே இரண்டு தடவை சண்டை வந்தது. எந்த வீட்டுக்கும் குடிபோகிற எண்ணம் எங்கள் இருவருக்கும் இல்லை. படியில்லாத இந்த வீட்டில் இருட்டிக்கொண்டு வந்தது. திரை வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். அந்தச் சுவரில் வெயில் இறங்கும்போது எனக்கு அவள் முதுகுதான் தெரியும். முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை பார்த்ததில்லை.

ஐந்தாவது வீட்டின் சமையலறையில் அவள் எழுந்தாள்.

“டீ போடறேன். அடுத்ததுக்குப் போயிடாதீங்க. இந்தச் சமையலறைய நான் இன்னும் திட்டி முடிக்கல.”

மவுஸைத் தொடாமல், அந்தப் படத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.